சர்க்கரைக் காது

ஒரு மனுசனோட காதுல என்ன விழலாம், என்ன விழக்கூடாதுன்னு அவனுக்குப் பதிலா ஒரு மெஷின் முடிவு பண்ணினா எப்படி இருக்கும்? கலாமணி இவ்வளவு வெளக்கமா எல்லாம் கேக்கல. பல்லடத்துல குழலியோட கடை மாடியில இருக்குது, படி கொஞ்சம் செங்குத்து. மூச்சு வாங்க ஏறி வந்து, பின்னாடி வந்த புருசனைக் கையக் காட்டி, "அம்மணி, இந்த மனுசன் காதுல இருக்கற சக்கரைய எடுத்து விடோணும்"னா. அவ்வளவுதான்.

குழலிக்குப் புரிஞ்சு போச்சு. அவ பண்றது சர்க்யூட் போர்டு ரிப்பேரு. ஆட்டோ லூம் போர்டு, மோட்டார் போர்டு, பைக் போர்டு, எதைக் கொண்டாந்தாலும் பாப்பா. மூடியிருக்கற டப்பா எதைக் கண்டாலும் உள்ள என்ன இருக்குன்னு பாத்தாத்தான் அவளுக்குச் சோறு எறங்கும். கல்யாணத்துக்கு வந்த மிக்ஸிய ஒரு சட்னி அரைக்கறதுக்கு முந்தி கழட்டிப் பாத்தவ அவ.

"உக்காருங்க்கா. அண்ணா, நீங்களும் உக்காருங்க."

நாச்சிமுத்து சிரிச்ச மொகமா வந்து, கடகடன்னு ஓடற ஃபேனுக்குக் கீழ ஸ்டூல்ல உக்காந்தார். சோமனூர்ப் பக்கம் தறிப்பட்டறையில சின்ன வயசுல இருந்து நின்னவர். பவர்லூம் சத்தம் தெரியுமில்ல? வரிசையா தறி ஓடுச்சுன்னா பக்கத்துல நிக்கறவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேக்காது. அந்தச் சத்தத்துலயே நின்னு நின்னு காது அடைச்சுப் போச்சு. கூட நின்னவங்க பலபேருக்கும் அதே கதைதான். மூணு வருசத்துக்கு முந்தி ஒரு கம்பெனிக்காரன் வந்து முகாம் போட்டு, காதுக்குப் பின்னால ஒட்டிக்கற மெஷின் ஒண்ணைக் குடுத்துட்டுப் போனான். புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். நல்லாவும் கேட்டுச்சு. ஆனா அதுல ஒரு வித்தை இருந்துச்சு.

"கடுசா ஒரு வார்த்த பேசினா இவரு காதுல விழாது கண்ணு," கலாமணி சொன்னா. "அதே கொரலு, அதே இழுவை, ஆனா வார்த்தைய மட்டும் நல்லதா மாத்தி உள்ள விட்டுருமாம். எங்கூருல எல்லாரும் சக்கரைக் காதுன்னுதான் சொல்லுவோம்."

"ஆமாங்க்கா. ரொம்ப நாள் கேக்காம இருந்தவங்களுக்குத் திட்டும் சண்டையும் ஒரேயடியா காதுல விழுந்தா படபடப்பு வந்துரும்னு அப்படி வெச்சாங்க. எந்த வார்த்தைக்கு நாடி ஏறுதுன்னு அது பாத்து வெச்சுக்கும். அடுத்த தடவை அந்த மாதிரி வார்த்தைய அப்படியே விடாது. பழகின பொறவு போன்ல இருக்கற ஆப்புல நிறுத்திக்கலாம்."

"ஆப்பு எங்க இருக்குது? கம்பெனிக்காரனே போன வருசம் கதவச் சாத்திட்டுப் போயிட்டான். இப்ப பாரு." அப்படியே புருசன் பக்கம் திரும்பினா. "ஏனுங்க, உங்க மொகத்துல முழிச்சாலே அன்னைக்கு அடுப்பு எரியறதில்லீங்க!"

நாச்சிமுத்து தலையக் குனிஞ்சுக்கிட்டே சிரிச்சார். "சரி, சரி."

"பாத்தியா? என்னோட ஆயுசு இப்படிப் போகுது. திட்டினாலும் சரி, அழுதாலும் சரி."

குழலிக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஆனா கலாமணி சிரிக்கல. பையிலிருந்து கைக்குட்டைய எடுத்துக் கழுத்தைத் தொடச்சுக்கிட்டு விசயத்துக்கு வந்தா.

குன்னூர்ல ஒரு பள்ளிக்கூட விடுதியில அவளுக்குச் சமையல் பொறுப்பு கெடச்சிருக்குது. திங்கக்கெழம போய்ச் சேரோணும். அங்கயே ரூமு, அங்கயே சாப்பாடு. லீவு விட்டாத்தான் ஊருக்கு வர முடியும். தறியெல்லாம் வித்தாச்சு, புள்ளை கல்யாணமாகிப் போயாச்சு, இனி அந்த வீட்டுல இவளுக்கு வேலைன்னு ஒண்ணும் இல்ல. இதைப் புருசன்கிட்ட எத்தனையோ தரம் சொல்லிட்டா. அவரு சிரிச்சுட்டு "சரி, சரி"ங்கறார்.

"உங்கள விட்டுட்டுப் போறேன்னு நான் சொன்னா, இவரு காதுல 'ஊட்டிக்கு டூரு போறேன்'னு விழுதோ என்னமோ, யாரு கண்டா?"

"ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டலாமில்லீங்க்கா?"

"எழுதறதுக்கு இது என்ன மளிகைச் சாமானா?" கலாமணிக்குக் கொரலு ஏறுச்சு. "இத்தன வருசம் ஒட்டுக்கா இருந்த மனுசன் கண்ணு. வாயில சொல்லி, காதுல விழுந்து, அவரு வாயில பதில் வரோணும். போன்னு சொன்னாலும் சரி, போகாதன்னு சொன்னாலும் சரி. அது வாங்காம நான் பஸ்ஸு ஏற மாட்டேன்."

அதான் விசயம். ஒரு பதில் வேணும் அந்தம்மாவுக்கு. சக்கரை கலக்காத பதில்.

குழலி யோசிச்சா. "அக்கா, ஒண்ணு சொல்லிப்போடறேன். கம்பெனி இல்ல. நான் உள்ள எதையாவது தப்பா மாத்திட்டேன்னா இது செத்துப் போயிரும், வேற வாங்கவும் முடியாது. அதனால மொதல்ல படிக்க மட்டும் செய்யறேன். எங்க என்ன இருக்குன்னு உறுதியாத் தெரிஞ்ச பொறவுதான் கை வெப்பேன். அண்ணா, உங்களுக்குச் சம்மதமா?"

"சரி, சரி"ன்னார் நாச்சிமுத்து.

அந்தச் சம்மதம் எதுக்குன்னு குழலிக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் டிராயரத் தொறந்து பெருவிரல் நீளத்துக்கு ஒரு கட்டைய எடுத்தா. ஒரு பக்கம் யு.எஸ்.பி., மறுபக்கம் நாலு மெல்லிசு வயரு.

"இது என்ன, பென் டிரைவா?"

"டீபக் அடாப்டருங்க்கா. டாக்டரு ஸ்டெதஸ்கோப் வெச்சு நெஞ்சக் கேக்கற மாதிரி, ஓடிட்டிருக்கற சிப்புக்குள்ள என்ன நடக்குதுன்னு இத வெச்சுப் பாக்கலாம். வேணும்னா அப்படியே நிறுத்தியும் வெக்கலாம்."

"அப்ப கழட்டிக் குடுத்தரட்டா?"

"ஐயோ, வேண்டாங்க! காத விட்டு எடுத்தா பூட்டிக்கும். திருட்டுப் போகாம இருக்கறதுக்கு அப்படி வெச்சிருக்கான். உடம்புச் சூடு பட்டுக்கிட்டே இருக்கோணும்."

அதனால நாச்சிமுத்து ஸ்டூல்லயே உக்காந்திருக்க, குழலி அவருக்குப் பின்னால நின்னு மெஷினோட சின்ன மூடிய நெம்பி எடுத்தா. உள்ள நாலு பித்தளைப் புள்ளி. லென்ஸ் வெச்சுப் பாத்து வயர ஒவ்வொண்ணா தொட வெச்சு டேப் ஒட்டினா. பொறவு லேப்டாப் சார்ஜரப் புடுங்கி விட்டா. மனுசன் உடம்போட வயரு ஒட்டியிருக்கறப்ப சுவத்துக் கரண்ட்டு கூடவே கூடாதுங்கறது அவ வழக்கம்.

லேப்டாப்புல அவ போட்டிருந்தது லினக்ஸு. ஊர் ஊரா ஆளுங்க சேந்து எழுதினது, உள்ள என்ன எழுதியிருக்குன்னு யார் வேணும்னாலும் பாத்துக்கலாம். அதுக்காகவே அவளுக்கு அது உசிரு. அடாப்டர சொருகினா. கட்டளைய அடிச்சா. திரையில ஒரு வரி வந்துச்சு: அனுமதி இல்லை.

கலாமணி எட்டிப் பாத்தா. "உன்ற கம்ப்யூட்டரு உன்னையே உள்ள விட மாட்டீங்குதா?"

"அது அப்படித்தானுங்க்கா. புதுசா எந்தச் சாமான் சொருகினாலும் வாசல்ல நிறுத்தி வெச்சுரும். இன்னார் இதத் தொடலாம்னு நான் ஒரு விதி எழுதி வெக்கோணும்."

"நல்ல பழக்கந்தான். எங்க வீட்டுல யாரு வேணும்னாலும் வந்து போறான்."

குழலி விதிய எழுதினா. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு எண்ணு உண்டு, அந்த எண்ணுள்ளது வந்தா உள்ள விடுன்னு சொல்லோணும். நெட்டுல யாரோ போட்டிருந்த எண்ண அப்படியே எடுத்து ஒட்டிட்டா. கட்டளைய அடிச்சா மறுபடியும் அனுமதி இல்ல. ஃபைல் பேர் தப்பான்னு பாத்தா, எழுத்து தப்பான்னு பாத்தா. பத்து தடவை அடிச்சாலும் அதே பல்லவி.

இவ இப்படி மல்லுக்கட்டிட்டு இருக்கையில கலாமணி சன்னல் பக்கம் போய், ரோட்டப் பாத்துக்கிட்டே பேச ஆரம்பிச்சா.

"மோசமானவரு இல்ல கண்ணு. ஆனா ஒரு விசயம். இவருக்குக் காது நல்லா இருந்த காலத்துல நான் இவருகிட்ட மனசு விட்டு ஒரு வார்த்த பேசினதில்ல. பயம். பொறவு காதே போச்சு. இந்தச் சக்கரைக் காது வந்த பொறவுதான் எனக்கு வாயே தொறந்துச்சு. எப்படியும் மாத்தித்தானே விழப்போவுது? அடுப்புக்கு முன்னால நின்னுட்டு, முதுகக் காட்டிட்டு, எல்லாத்தையும் சொல்லிருவேன். எங்கம்மாகிட்டக் கூடச் சொல்லாததெல்லாம். சொல்லச் சொல்ல மனசு லேசாகும்."

"அவரு என்ன சொல்லுவாரு?"

"வேற என்ன, சரி சரிதான். சுவத்துகிட்டப் பேசற மாதிரிதான் வெச்சுக்கோ. ஆனா சோறு போட்டாச் சாப்பிடற சுவரு."

நாச்சிமுத்து தரையப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தார். குழலிக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. ஒரு ஆள வெச்சுக்கிட்டே அவரப் பத்திப் பேசறது. ஆனா அவர் காதுல நல்லதாத்தானே விழுதுன்னு மனசச் சமாதானம் பண்ணிக்கிட்டு, லேப்டாப்புல என்னென்ன சொருகியிருக்குன்னு பட்டியல எடுத்துப் பாத்தா. அட! நெட்டுல இருந்தது அசல் அடாப்டரோட எண்ணு. இவ வாங்கி வெச்சிருக்கறது அதே மாதிரி செஞ்ச நகலு. அதுக்கு வேற எண்ணு. விதிய மாத்தினா. அப்பவும் விடல. தலையில அடிச்சுக்கிட்டு அடாப்டரப் புடுங்கி மறுபடி சொருகினா. வாசல்ல நிக்கறவன் வெளிய போயிட்டுத் திரும்ப வந்தாத்தானே புது விதி அவனுக்குப் பொருந்தும்? வழி தொறந்துச்சு.

தொறந்த சந்தோசத்துல ஒரு தப்புப் பண்ணினா. மேசையில வர்ற போர்டுக்கெல்லாம் போடற அதே கட்டளையப் போட்டுட்டா. அந்தக் கட்டளை மொதல்ல சிப்ப ஒரு தடவை அணைச்சு எழுப்பிட்டுத்தான் பேச ஆரம்பிக்கும். மோட்டார் போர்டுக்கு அது பரவால்ல. இது மனுசன் காது.

நாச்சிமுத்து "ஆ!"ன்னு கத்திக்கிட்டு ஸ்டூல்ல இருந்து எந்திரிச்சார். கண்ணு ரெண்டும் விரிஞ்சு போச்சு. வாயப் பொளந்துக்கிட்டு கலாமணியத் தேடி, அவ கையப் புடிச்சுக்கிட்டார். தறியெல்லாம் ஒரே நேரத்துல நின்ன மாதிரி இருந்திருக்கும் பாவம். ஒரு நிமிசத்துல மெஷின் தானா எந்திரிச்சுக்கிச்சு. அப்புறமும் அவர் கைய விடல.

"மன்னிச்சுக்கோங்கண்ணா, மன்னிச்சுக்கோங்க. தெரியாமப் பண்ணிட்டேன்." குழலி அந்தக் கட்டளைய அழிச்சுட்டு, ஓட்டத்தைத் தொடாம ஓரமா ஒட்டிக்கற மாதிரி மாத்தி எழுதினா.

"வேர்த்துப்போச்சு மனுசனுக்கு," கலாமணி முந்தானையால அவர் நெத்தியத் தொடச்சு விட்டா. "நான் கீழ போய் மூணு டீ வாங்கிட்டு வரேன். நீ பாத்துட்டு இரு கண்ணு."

அவ எறங்கிப் போன பொறவு குழலி மெல்ல உள்ள எட்டிப் பாத்தா. இதே மெஷினப் போலந்துக்காரர் ஒருத்தர் பிரிச்சு மேஞ்சு, எந்த எடத்துல என்ன வெச்சிருக்கான்னு ஊருக்கெல்லாம் எழுதிப் போட்டிருந்தார். சத்தம் எவ்வளவுங்கறது ஒரு எடம். எந்தக் காதுங்கறது ஒரு எடம். சக்கரை ஓடுதா இல்லையாங்கறது ஒரு எடம். ஓடினா ஒண்ணு, இல்லாட்டிப் பூஜ்யம்.

பூஜ்யம்.

இவ தப்பா படிச்சுட்டான்னு நெனச்சு மறுபடி படிச்சா. பக்கத்து எடத்தப் பாத்தா வலது காதுன்னு சரியாத்தான் இருக்குது. இப்ப நான் எழுப்பி விட்டதுல அழிஞ்சு போச்சோன்னு பயந்து போலந்துக்காரர் எழுதினதத் தேடிப் பாத்தா, அணைச்சு எழுப்பினாலும் அது மாறாதுன்னு போட்டிருந்தார். போட்டிருக்கறவரே சொல்லி நிறுத்தினாத்தான் பூஜ்யம் வருமாம்.

குழலி அவருக்குப் பின்னால நின்னுட்டு இருந்தா. அவ மொகம் அவருக்குத் தெரியாது. சக்கரை ஓடினா அப்படியே உள்ள விடாத மாதிரி ஒரு வார்த்தைய, மெதுவா, சாதாரணமா சொன்னா: "அண்ணா, உங்க காலுக்குக் கீழ தேளு."

நாச்சிமுத்து ரெண்டு காலையும் தூக்கிட்டார்.

அப்படியே கொஞ்ச நேரம் காலத் தூக்கிட்டே இருந்தார். கீழ தேளும் இல்ல ஒண்ணும் இல்ல. பொறவு மெல்ல எறக்கி வெச்சுட்டு, திரும்பாமயே, "கண்டுபுடிச்சுட்டியா அம்மணி?"ன்னார்.

"எத்தன நாளாங்கண்ணா?"

"போட்ட மொத வாரத்துல இருந்தே." அவர் கொரலு ரொம்ப மெல்லிசா இருந்துச்சு. "தறிப்பட்டறையில நாங்க காதுலயா பேசினோம்? உதட்டுலயும் கையிலயும்தான் எல்லாப் பேச்சும். உதட்டப் பாத்தாலே எங்களுக்குத் தெரியும். அந்தக் கம்பெனிக்காரனுக்கு அது தெரியல. எங்கூட்டுக்காரி உதடு 'நாசமாப் போங்க'ங்குது, காதுல 'நல்லா இருங்க'ன்னு விழுது. தலை கிறுகிறுன்னு வந்துருச்சு. யாரோ ஒருத்தி அவ தொண்டைக்குள்ள உக்காந்து பேசற மாதிரி. முகாமுக்கே ஓடிப்போய் நிறுத்துடான்னுட்டேன். அவ திட்டறதுன்னா அவளே திட்டட்டும்."

"அதை அக்காகிட்டச் சொல்ல வேண்டியதுதானுங்களே?"

"சொல்லத்தான் வந்தேன். அன்னைக்கு அவ அடுப்படியில முதுகக் காட்டி நின்னுட்டு, அவங்கப்பன் செத்தன்னைக்கு நான் தறிய விட்டு வராம இருந்ததைச் சொல்லிட்டிருந்தா. வெடுக்குன்னு இல்ல, சாதாரணமா. அத்தன வருசத்துல அவ அப்படி எங்கிட்டப் பேசினதே இல்ல. கேக்குதுன்னு சொன்னா நிறுத்திப்போடுவா. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். நாளைக்கு வேற ஒண்ணு சொன்னா. அப்படியே போயிருச்சு. உதட்டப் படிச்சுட்டேன்னு தெரிஞ்சுரக் கூடாதுன்னு, அவ பேசறப்பெல்லாம் தலையக் குனிஞ்சுக்குவேன்." அவர் இப்பத்தான் திரும்பிப் பாத்தார். "நீ ஒண்ணு பண்ணு அம்மணி. சக்கரைய எடுத்துட்டேன்னு சொல்லிரு. நானும் இன்னைக்குத்தான் கேக்க ஆரம்பிச்ச மாதிரி இருந்துக்கறேன். அவளும் சொல்ல வேண்டியதச் சொல்லுவா, நானும் பதில் சொல்லிருவேன். யாருக்கும் நஷ்டமில்ல."

யோசிச்சுப் பாத்தா நல்ல யோசனைதான். ஒரு சொல்லு. கூலிய வாங்கிட்டு அனுப்பிடலாம். புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் நிம்மதியாப் போவாங்க. குழலிக்கு வாய் வரைக்கும் வந்துருச்சு. ஆனா சன்னல் பக்கம் நின்னு அந்தம்மா பேசினது ஞாபகம் வந்துச்சு. தனியா இருக்கோம்னு நெனச்சுப் பேசினது அத்தனையும் ஒரு ஆளுக்கு முன்னால பேசினது. அதுவும் சொந்த வீட்டு அடுப்படியில. இவ கம்ப்யூட்டரு கூட யாருன்னு கேட்டுட்டுத்தான் உள்ள விடுது, அந்தம்மா மனசுக்கு அப்படி ஒரு வாசப்படி கூட இல்லாமப் போச்சு. இப்ப இவளும் பொய் சொன்னா, உள்ள வந்து உக்காந்தவங்க ரெண்டு பேராகும்.

படியில செருப்புச் சத்தம் கேட்டுச்சு.

கலாமணி மூணு டீயத் தூக்குல வெச்சுக்கிட்டு வந்தா. "ஆச்சா கண்ணு?"

குழலி நாச்சிமுத்தப் பாத்தா. அவர் கண்ணாலயே கெஞ்சினார். குழலி தலைய ஆட்டி மாட்டேன்னுட்டு, கீபோர்டுல கைய வெச்சு, "அண்ணா, ஒரு நிமிசம் நிறுத்தப் போறேனுங்க. எந்திரிக்காதீங்க"ன்னா. அவருக்குப் புரிஞ்சுது. பெருமூச்சு விட்டுட்டு, ஸ்டூல அப்படியே திருப்பி, சுவத்தப் பாத்து உக்காந்துக்கிட்டார். உதட்டப் பாக்காம இருக்கறதுக்கு. குழலி கட்டளைய அடிச்சா. காது நின்னுச்சு.

"என்ன பண்றே?"

"இப்ப அவருக்கு எதுவுமே கேக்காதுங்க்கா. நீங்க மட்டும் கேக்க வேண்டிய விசயம்." குழலி திரையில இருந்த பூஜ்யத்தக் காட்டினா. "அதுல சக்கரையே இல்லீங்க்கா. மொத வாரமே அவரே நிறுத்திட்டாரு. நீங்க பேசினதெல்லாம் அப்படியே விழுந்திருக்குதுங்க."

கலாமணி டீத்தூக்க மேசையில வெச்சா. மெல்லத்தான் வெச்சா. "அப்படின்னா... எல்லாமா?"

"எல்லாமேங்க்கா."

"எங்கப்பன் செத்தது?"

"ஆமாங்க."

"போன ஐப்பசியில..." சொல்ல வந்தவ நிறுத்திக்கிட்டா. மொகம் கன்னிச் செவந்துருச்சு. சண்டைக்குப் போறவ மாதிரியும் இருந்துச்சு, குளிக்கையில கதவத் தொறந்துட்டாங்கன்னு துணிய இழுத்து மூடிக்கறவ மாதிரியும் இருந்துச்சு. அந்த முதுகையே பாத்துட்டு நின்னா. மூணு வருசமா அவ முதுகக் காட்டிப் பேசினா, இப்ப அவரு காட்டிட்டு உக்காந்திருக்கார்.

"ஓட விடு"ன்னா.

குழலி ஓட விட்டா.

"திரும்புங்க இக்கட்ட!"

நாச்சிமுத்து திரும்பினார்.

"கேக்குதா?"

"கேக்குது."

"மூணு வருசமா என்ற அடுப்படிக்குள்ள ஒளிஞ்சு உக்காந்திருந்தீங்களா? திருடனுக்கும் உங்களுக்கும் என்னங்க வித்தியாசம்? அவனாவது ஒரு நாள் வந்துட்டுப் போயிருவான்!"

"நீ சொல்றது சரிதான்."

"சரி சரின்னு மறுபடியும் ஆரம்பிச்சீங்கன்னா இந்த டீயத் தலையில ஊத்திப்போடுவேன்!"

அவர் வாய மூடிக்கிட்டார். குழலி சுவத்தோட சுவரா ஒட்டிக்கிட்டு நின்னா. வயரு ஒட்டியிருக்கறதால அவரும் எந்திரிச்சுப் போக முடியாது, இவளும் போக முடியாது.

"அப்ப நான் போறேன்னு சொன்னதும் கேட்டுச்சு."

"மொதத் தடவையே கேட்டுச்சு."

"கேட்டுட்டு எதுக்குச் சிரிச்சீங்க? அதச் சொல்லுங்க. நான் என்ன நாடகமா ஆடினேன்?"

நாச்சிமுத்து கையப் பெசைஞ்சுக்கிட்டார். "போகாதன்னு சொன்னா, இத்தன நாளும் கேட்டுட்டுத்தான் இருந்தேன்னு தெரிஞ்சு போயிரும். நீ அதுக்கப்புறம் எங்கிட்டப் பேச மாட்டே. சிரிச்சுட்டு இருந்தா நீ போயிருவே. ரெண்டுல எது பரவால்லைன்னு எனக்குத் தெரியல கலா. யோசிச்சு முடிக்கற வரைக்கும் சிரிச்சுட்டிருந்தேன்."

"யோசிச்சு முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு."

"சொல்லுங்க."

அவர் அவ மொகத்த நேராப் பாத்தார். அந்த மனுசன் அவள அப்படி நிமுந்து பாத்துக் குழலி அப்பத்தான் கண்டா. "போகாத. எனக்குப் பயமா இருக்குது. வீட்டுல நீ பேசலைன்னா இந்தக் காத வெச்சுட்டு நான் என்னத்தக் கேக்கறது? போகாத."

ரோட்டுல ஒரு லாரி ஆரன் அடிச்சுட்டுப் போச்சு. கலாமணிக்குக் கண்ணுல தண்ணி ஏறுச்சு, அத உள்ளயே இழுத்துக்கிட்டா. பொறவு குழலி பக்கம் திரும்பினா.

"கண்ணு, மறுபடி நிறுத்து."

குழலி அவரப் பாத்தா. "அண்ணா?"

"நிறுத்து அம்மணி"ன்னார் நாச்சிமுத்து. "அவளுக்கு அது வேணும்." ஆனா இந்தத் தடவை சுவத்தப் பாத்துத் திரும்பிக்கல. அவளையே பாத்துட்டு உக்காந்திருந்தார்.

காது நின்னுச்சு. கலாமணி முந்தானையத் தூக்கி மூக்குக்குக் கீழ வாயோட சேத்துப் பொத்திக்கிட்டா. கண்ணு மட்டும் வெளிய. உதட்ட மறைக்கோணும்னு தறிக்காரன் பொண்டாட்டிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

"இந்த ஒரு வார்த்தைக்குத்தான் கண்ணு வருசம் பூரா காத்துக் கெடந்தேன்," துணிக்குள்ள இருந்து வந்துச்சு கொரலு. "போகாதன்னு ஒருத்தரு சொல்ல மாட்டாங்களான்னு. நான் பொறந்ததுல இருந்து என்னை யாரும் அப்படிச் சொன்னதில்ல, எங்கப்பனும் சொல்லல, நான் பெத்ததும் சொல்லல. இப்ப வயிறு குளுந்து போச்சு. இதச் சொன்னா, அப்ப இருந்துக்கோன்னு புடிச்சுக்குவாரு. நானும் இருந்துருவேன். இருந்தேன்னா மறுபடி அதே அடுப்படி. அதனால சொல்லப் போறதில்ல. இது ஒண்ணாவது எனக்குன்னு இருக்கட்டும்."

நாச்சிமுத்து துணி அசையறதையே பாத்துட்டு இருந்தார். ஒண்ணும் புரிஞ்ச மாதிரி தெரியல.

கலாமணி கண்ணத் தொடச்சுட்டு முந்தானைய எறக்கினா. "ம், ஓட விடு."

குழலி ஓட விட்டா.

"திங்கக்கெழம விடியால பஸ்ஸு," கலாமணி புருசன்கிட்டச் சொன்னா. கொரல்ல சக்கரையும் இல்ல, மொளகாயும் இல்ல. "பெட்டி கனமா இருக்கும். நீங்கதான் தூக்கிட்டு வரோணும்."

அவர் மெல்லத் தலைய ஆட்டினார். "மேல எல்லாம் குளிரும். போர்வை எடுத்து வெச்சியா?"

"இல்ல."

"பெருசா ரெண்டு எடுத்துக்க."

டீ ஆறிப் போயிருந்துச்சு. இருந்தாலும் மூணு பேரும் குடிச்சாங்க. குழலி வயர ஒவ்வொண்ணா எடுத்து, மூடியப் போட்டு அமுக்கினா. உள்ள எதையும் மாத்தல, மாத்த ஒண்ணும் இருக்கவும் இல்ல. கலாமணி கூலி எவ்வளவுன்னு கேட்டதுக்கு, ரிப்பேரே பண்ணலையேன்னு இவ வாங்கல. "நல்ல கெரகம்"னு சொல்லிட்டு தூக்க எடுத்துக்கிட்டு அந்தம்மா மொதல்ல கீழ எறங்கினா.

நாச்சிமுத்து பின்னால போனார். ரெண்டு படி எறங்கினவர் நின்னு, மறுபடி ஏறி வந்து, கதவுக்குள்ள தலைய மட்டும் நீட்டினார்.

"அம்மணி, அந்த ரெண்டாவது தடவை... அவ என்ன சொன்னா?"

குழலி அடாப்டர டிராயருக்குள்ள வெச்சுட்டு இருந்தா. அவர் கண்ணு அவ உதட்டு மேலயே இருந்துச்சு. அது தெரிஞ்சு, அவசரப்படாம, ஒவ்வொரு எழுத்தும் நல்லாத் தெரியற மாதிரி சொன்னா:

"ஃபேன் சத்தத்துல எனக்குக் காதுல விழலீங்கண்ணா."